11 பேர், 9 வாட்ஸ்அப் குரூப், ஆனாலும் சேதி போய்ச் சேரவில்லை

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ராயபுரத்தில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், அதாவது சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற இடம். மொத்தம் 11 பேர். நான்கு பேர் ஆபீசில், மூன்று பேர் வீட்டிலிருந்து (அதில் ஒருவர் தூத்துக்குடியில்), மூன்று பேர் துறைமுகம், மணலி, மாதவரம் என்று சி.எஃப்.எஸ்.களில் (கன்டெய்னர் கிடங்குகளில்) அலைகிற ஃபீல்டு ஆட்கள், அப்புறம் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக நீங்கள். ஒன்பது வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. இருந்தும் யாருக்குத் தெரிந்தாக வேண்டுமோ அவருக்குத் தெரிவதில்லை, தவறுகள் கூடுகின்றன. முதலாளி எல்லாரையும் ஆபீசுக்கே வரச் சொல்லிவிடலாம் என்கிறார். அதற்கு முன் ஏதாவது நல்ல சாஃப்ட்வேர் வாங்கிப் பார்க்கலாமா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், குழந்தை பிறந்த பிறகு தண்டையார்பேட்டை வீட்டிலிருந்தே வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சாஃப்ட்வேருக்கு என் பதில் சின்னது: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒருவருக்குத் தெரிந்த விஷயம் அடுத்தவருக்கு எந்த வழியாகப் போகிறது, அந்த வழி எங்கே அறுந்து கிடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் வாங்கினால் அது பத்தாவது குரூப்பாகப் போய்ச் சேரும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் 11 வருஷம் வேலை பார்த்தேன். அப்புறம் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் நான்கு ஊர்களில் பிரிந்து கிடந்த டாக்குமென்டேஷன் ஆட்களை 14 வருஷம் பார்த்துக்கொண்டேன். வீடு திருவொற்றியூர். ஒரே நேரத்தில் நான் நடத்திய பெரிய டீம் 38 பேர். அதற்கு மேலே போகிற கம்பெனிகளுக்கு நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 11 பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராக 55 ஜோடி. இன்னும் ஒருவரைச் சேர்த்தால் 66. ஆள் ஒன்று கூடினால் பேச்சு வழி 11 கூடுகிறது. இந்த 55 வழியையும் திறந்து வைக்கத்தான் எல்லாரும் குரூப் தொடங்குகிறோம். ஆனால் உங்கள் வேலைக்கு நிஜமாகத் தேவைப்படுவது இதில் ஒரு பத்துப் பதினைந்து வழிதான். அந்தப் பதினைந்தில் இரண்டு மூன்று அடைந்திருந்தால், மற்ற நாற்பதில் எவ்வளவு பேச்சு ஓடினாலும் பிரயோஜனம் கிடையாது.

எந்த இரண்டு மூன்று அடைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன்னுடைய அமெரிக்க ஊழியர்கள் 61,000க்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சல், அழைப்பு, மீட்டிங் கணக்குகளை 2020ன் முதல் ஆறு மாதத்துக்கு எடுத்துப் பார்த்தது. ஆராய்ச்சி 2021ல் வெளியானது. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, தன் வட்டத்துக்குள் பேசுவது இன்னும் இறுகியது. பிரிவு தாண்டிப் பேசுகிற நேரத்தின் பங்கு மட்டும் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தது. உங்கள் ஆபீசிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். ஃபீல்டு ஆட்கள் தங்களுக்குள் நன்றாகப் பேசுகிறார்கள். டாக்குமென்ட் போடுகிறவர்கள் தங்களுக்குள் நன்றாகப் பேசுகிறார்கள். குறுக்கே பேச்சு இல்லை.

குறுக்கே போகிற பேச்சுக்கு இருக்கிற மதிப்பைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், 1973ல். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அவர் விசாரித்தார். அடிக்கடி பார்த்துப் பேசுகிறவர் மூலம் வேலை கிடைத்தது ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், வருஷத்துக்கு ஒருமுறை கூடப் பார்க்காதவர் மூலம்தான் சேதி வந்திருந்தது. நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் சேதி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். வடசென்னைக்காரனுக்கு இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னி மில் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு ஒன்று சேர்த்தவர்கள் மில்லில் வேலை பார்த்தவர்கள் இல்லை. பக்கத்தில் வியாபாரம் பார்த்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் பிரிவின் கஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் போக, எல்லாம் ஒரே பிரச்சினைதான் என்பது வெளியே இருந்த இவர்களுக்குத் தெரிந்தது. யூனியனின் முதல் தலைவரான பி.பி. வாடியாவைப் போய்ப் பார்த்து அழைத்து வந்ததும் அவர்கள்தான்.

உங்கள் ஆபீசில் அந்தக் கடை எது என்று யோசியுங்கள். என் பழைய ஆபீசில் அது ஒரு பெரியவர். பதவி என்று பார்த்தால் கடைசி, கையில் ஹெச் கார்டு (கஸ்டம்ஸ் வேலைக்கு உதவியாளருக்குத் தருகிற அடையாள அட்டை) கூடக் கிடையாது. பேப்பர் கட்டோடு கஸ்டம் ஹவுஸ், ஷிப்பிங் லைன் ஆபீஸ், பேங்க் என்று நாள் முழுக்க ராஜாஜி சாலையையும் தம்பு செட்டித் தெருவையும் அளந்துகொண்டிருப்பார். டி.ஓ. (சரக்கை எடுக்க ஷிப்பிங் லைன் தருகிற சீட்டு) வாங்கிவிட்டு வரும்போதே, "அந்த லைன்ல புது ஆள் வந்திருக்கான், ஒரிஜினல் பி.எல். (சரக்குக்கான கப்பல் ரசீது) இல்லாம கொடுக்க மாட்டேங்குறான்" என்று டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அடுத்த வாரம் வர வேண்டிய நான்கு வேலை அந்த ஒரு வாக்கியத்தில் தப்பிக்கும். எல்லாம் ஐஸ்கேட் (கஸ்டம்ஸின் இணையதளம்), ஆன்லைன் என்று ஆனதும் அவருக்கு நடை குறைந்தது. ஆபீசில் உட்கார வைத்தோம், பிறகு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அடுத்த மூன்று நான்கு மாதம் ஏன் இவ்வளவு சில்லறைத் தவறு என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். பேப்பர் ஒயர் வழியாகப் போய்விட்டது. அவர் வாய் வழியாகப் போன சேதிக்கு நாங்கள் வழி வைக்கவில்லை.

பெரியதாக ஒன்று நடந்த பிறகுதான் புத்தி வந்தது. இறக்குமதி கன்டெய்னர் ஒன்று. கப்பல் கம்பெனி கஸ்டம்ஸுக்குக் கொடுக்கிற சரக்குப் பட்டியலில் (ஐ.ஜி.எம்.) எடை தவறாக ஏறியிருக்கிறது, லைன்காரர்கள் திருத்தம் போடப் போகிறார்கள் என்று எங்கள் ஃபீல்டு ஆளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலமே தெரிந்துவிட்டது. அவர் பொறுப்பாக ஃபீல்டு குரூப்பில் போட்டோ எடுத்துப் போட்டார். நான்கு பேர் கட்டைவிரல் போட்டார்கள். பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கிற இறக்குமதி விவரப் படிவம்) போட வேண்டிய பெண் வீட்டில் இருந்தார், அந்தக் குரூப்பில் அவர் இல்லை. சனிக்கிழமை காலை பழைய எடையிலேயே ஃபைல் செய்துவிட்டார். அப்புறம் திருத்தம், அதற்கு ஒரு கடிதம், நான்கு நாள் தாமதம். கன்டெய்னரை வைத்திருக்கத் தந்த இலவச நாட்கள் முடிந்து, தாமதக் கட்டணம் (டிடென்ஷன்) எங்கள் கம்பெனி தலையில் விழுந்தது. பார்ட்டி (சரக்குக்குச் சொந்தக்காரர்) முன்னால் நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, சேதி இருந்தது, எழுத்தில் இருந்தது, நேரத்துக்கு இருந்தது. எந்தக் கருவியாலும் இதற்கு மேல் செய்திருக்க முடியாது.

சரி, உங்கள் ஆபீசில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனியாக, போனில் கூடப் போதும், மூன்று கேள்வி கேளுங்கள். போன வாரம் எங்கேயாவது சிக்கியபோது யாரிடம் கேட்டீர்கள்? உங்களிடம் யார் கேட்டார்கள்? எந்த விஷயம் ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் வேலை மிச்சமாகியிருக்கும், அது யாருக்கு முன்பே தெரிந்திருந்தது? பதில்களை ஒரு சார்ட் பேப்பரில் பெயர் போட்டு அம்புக்குறியால் இணையுங்கள். கேட்டவரிடமிருந்து கேட்கப்பட்டவருக்கு ஒரு அம்பு. மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களை மட்டும் சிவப்புப் பேனாவில் போடுங்கள். 11 பேருக்கு ஒன்றரை மணி நேர வேலை. பேப்பரை யாருக்கும் காட்டாதீர்கள், முக்கியமாக முதலாளிக்கு. யாரிடம் யார் கேட்பதில்லை என்பது அதில் இருக்கும், அது வம்பு.

அந்தப் படத்தில் பெரும்பாலும் மூன்று விஷயம் கண்ணில் படும். ஒன்று, எல்லா அம்பும் ஒரே ஆளைக் குத்திக்கொண்டிருக்கும். அநேகமாக அது நீங்கள் இல்லை. பழைய கை ஒருவர், சரக்கை வகைப்படுத்துகிற எச்.எஸ். கோடு எல்லாம் நுனி நாக்கில் வைத்திருப்பவர். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் ஆபீஸ் படுத்துவிடும். அவரைத் தலைவராக்கிவிடலாம் என்று தோன்றும், அவசரப்படாதீர்கள். அவரிடம் திரும்பத் திரும்ப வருகிற ஐந்து கேள்விகள் எவை என்று கேட்டு, அந்த ஐந்துக்கும் பதிலை அவர் சொல்லச் சொல்ல வேறொருவரை எழுதவிடுங்கள். அவரையே எழுதச் சொன்னால் எழுத மாட்டார், அவருக்கு எல்லாம் சாதாரணமாகத் தெரிவதால் பாதியை விட்டுவிடுவார். இரண்டாவது, ஃபீல்டுக்கும் டாக்குமென்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு நீங்களாக இருந்தால், நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போதெல்லாம் வாசல் பூட்டு என்று அர்த்தம். மூன்றாவது, யாரிடமும் அம்பு போகாத, யாரிடமிருந்தும் அம்பு வராத ஒருவர். உங்கள் தூத்துக்குடி ஆள் அப்படி இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அவர் மோசமான வேலைக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்கத் தோன்றுகிற நேரத்தில் அவர் யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கலுக்கு நான் கண்ட நல்ல மருந்து, ஒரு ஃபீல்டு ஆளையும் ஒரு டாக்குமென்ட் ஆளையும் ஜோடியாகக் கட்டிவிடுவது. பார்ட்டி வாரியாக. இந்த நான்கு பார்ட்டியின் வேலை என்றால் இந்த இரண்டு பேர். தினமும் காலை பத்து நிமிஷம் போனில் பேச வேண்டும். மெசேஜ் கூடாது, பேச்சுதான். எழுதும்போது விட்டுப்போவது பேசும்போது தானாக வாயில் வந்துவிடும். கூடவே, வீட்டிலிருந்து டாக்குமென்ட் போடுகிறவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மணலி சி.எஃப்.எஸ்.சுக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். கன்டெய்னர் திறப்பதையும், சீல் வெட்டுவதையும், ட்ரெய்லர் வரிசையையும் கண்ணால் பார்த்தவர் செக்லிஸ்ட் போடுகிற விதமே மாறிவிடும். ஃபீல்டு ஆளை ஒரு நாள் ஐஸ்கேட் முன்னால் உட்கார வைத்தால் அவருக்கும் புரியும், ஒரு எண் தவறினால் எத்தனை பேர் ஓட வேண்டும் என்று.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். நம் ஆபீஸ்களில் "எனக்குத் தெரியவில்லை" என்று குரூப்பில் யாரும் எழுத மாட்டார்கள். சார் பார்ப்பார், முதலாளி பார்ப்பார். தனியாக ஒருவருக்கு மெசேஜ் போட்டுக் கேட்பார்கள். பதிலும் தனியாக வரும். அதே சந்தேகம் இன்னும் மூன்று பேருக்கு இருந்திருக்கும், அவர்களுக்கு அது போகாது. ஒரே தவறு மூன்று முறை நடப்பதற்கு இதுதான் காரணம், சோம்பேறித்தனம் இல்லை. நான் வைத்த வழக்கம் இது: தனியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர், கேட்டவர் பெயர் இல்லாமல் கேள்வியையும் பதிலையும் பொதுவில் போட வேண்டும். முதல் மாதம் நானே மூன்று முறை என் சொந்த சந்தேகத்தைப் பொதுவில் கேட்டேன், அதில் ஒன்று நிஜமாகவே அசட்டுச் சந்தேகம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாய் திறந்தார்கள். மொழியும் ஒரு தடை. ஆபீஸ் குரூப் என்றால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் "டன் சார்", "பென்டிங் சார்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதினாலும் சரி. இரண்டு வார்த்தை இரண்டு வரி ஆகும், அந்த இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கும். வாய்ஸ் நோட்டு மட்டும் வேண்டாம். பத்து நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது.

எப்படி எழுத வேண்டும் என்பதற்கு நம் தொழிலிலேயே பெரிய பாடம் ஒன்று நடந்திருக்கிறது. 2020 ஜூன் 8 அன்று ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் (அதிகாரி முகம் பாராமல் பில்லை மதிப்பிடுவது) முதலில் தொடங்கிய ஊர்கள் சென்னையும் பெங்களூரும்தான். மெஷினரி, எலெக்ட்ரிகல் சரக்குகளுக்கு முதலில் வந்தது, அந்த அக்டோபர் கடைசியில் நாடு முழுக்க ஆனது. அதுவரை நமக்கு என்ன பழக்கம்? பில்லில் சரக்கு விவரம் அரைகுறையாக இருந்தாலும், கஸ்டம் ஹவுஸ் படியேறி அந்தச் சரக்கைப் பார்க்கிற அதிகாரி மேசை முன் நின்று கேட்லாகைக் காட்டி விளக்கிவிடலாம். இப்போது பில்லைப் பார்க்கிற அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. நேரில் போய் விளக்க வழியில்லை. விவரத்தில் ஒரு வார்த்தை குறைந்தால் குவெரி வரும், குவெரி வந்தால் ஒரு நாள் போகும். ஆரம்பத்தில் எல்லாரும் திட்டினோம். ஆனால் ஆறு மாதத்தில் எங்கள் ஆட்கள் சரக்கு விவரம் எழுதுகிற விதம் மாறியது. பொருள் என்ன, எதனால் செய்தது, எதற்குப் பயன்படுவது, ஏன் இந்த கோடு, எந்த டாக்குமென்ட் எந்தப் பக்கத்தில் என்று முகம் தெரியாத ஒருவர் போன் செய்யாமலே முடிவெடுக்கிற மாதிரி எழுதப் பழகினார்கள். ஊரே தெரியாத அதிகாரிக்கு இவ்வளவு தெளிவாக எழுதுகிற நாம், வியாசர்பாடியில் உட்கார்ந்திருக்கிற நம் ஆளுக்கு "அந்த மேட்டர் பாத்துக்கோ" என்று அனுப்புகிறோம். உங்கள் டீமுக்குள் போகிற ஒவ்வொரு வேலைக் குறிப்பையும் அந்த அதிகாரிக்கு எழுதுவது போல எழுதச் சொல்லிப் பாருங்கள். ஜாப் நம்பர், இதுவரை நடந்தது, இப்போது யார் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்குள். நான்கே வரி.

குரூப்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதை மூன்றாக்குங்கள். அவசரத்துக்கு ஒன்று, கேள்வி பதிலுக்கு ஒன்று, பிறந்தநாள் வாழ்த்துக்கும் கேலிக்கும் ஒன்று. மூன்றாவதை மூடிவிடாதீர்கள், தூத்துக்குடி ஆளுக்கு நீங்களெல்லாம் மனிதர்கள் என்று தெரிவதே அதில்தான். வேலையின் நிலவரம் குரூப்பில் வரக்கூடாது, எல்லாரும் பார்க்கிற ஒரே கூகுள் ஷீட்டில், ஒரு ஜாபுக்கு ஒரு வரிசை என்று இருக்கட்டும். அது இலவசம். ஆறு மாதம் அதை ஒழுங்காக நிரப்பிய டீம்தான் காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கத் தகுதியானது. ஒரு எச்சரிக்கையும் கூட. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கைமாற்றி, பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் போடுகிற ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து வேலை என்று ஆன பிறகு இது கூடியிருக்கிறது. யார் டோக்கனோ அவர் கையில்தான் இருக்க வேண்டும், இதில் சமரசமே இல்லை.

இப்போது முதலாளி. எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1970களில் அளந்து காட்டியது, மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூடப் பேச்சு வேகமாகச் சரிகிறது, ஐம்பது மீட்டர் ஆகிவிட்டால் ஒரே கட்டிடத்தில் இருந்தும் பெரிதாகப் பேச்சு இருக்காது. ஆனால் கிளியரிங் தொழிலில் ஆட்கள் என்றைக்கு ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள்? ஒருவர் துறைமுக கேட்டில், ஒருவர் சி.எஃப்.எஸ்.சில், ஒருவர் கஸ்டம் ஹவுசில். உங்கள் மூன்று ஃபீல்டு ஆட்களும் எப்படியும் வெளியேதான் இருக்கப் போகிறார்கள். வீட்டிலிருப்பவர்களை ராயபுரத்துக்கு இழுத்தாலும் அந்த அறுந்த கோடு தானாக ஒட்டாது.

வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி நம்பகமான சோதனைகள் சில இருக்கின்றன. ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் 2010 டிசம்பரிலிருந்து ஒன்பது மாதம் நடந்தது ஒன்று, நிக்கோலஸ் புளூம் குழு செய்தது. விருப்பம் தெரிவித்தவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரம் நான்கு நாள் வீட்டில், மற்றவர்கள் ஆபீசில். வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. முதலாளிகளிடம் இந்த எண்ணை மட்டும் சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். சோதனையில் சேர வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒன்றரை அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு அந்த 13 சதவீதத்தை எடுத்துவர முடியாது. இன்னொன்று, வீட்டிலிருந்து நன்றாக வேலை செய்தவர்களுக்கு, அதே அளவு வேலை செய்த ஆபீஸ்காரர்களை விடப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. அதே நிறுவனம் பிறகு 1,612 ஊழியர்களை வைத்து இன்னொன்று செய்தது, முடிவு 2024ல் வந்தது. வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ். வேலைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். முதலாளியிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். பழகிய கை ஒன்று போனால் புது ஆளுக்கு நம் தொழில் பிடிபட ஒரு வருஷம் ஆகும் என்பது அவருக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரையைப் படம் பிடிக்கிற சாஃப்ட்வேர் போட்டுக் கண்காணிக்கலாம் என்று ஆரம்பித்தால் மறுத்துவிடுங்கள். அது வந்த இடத்தில் சந்தேகம் கேட்பது முதலில் நிற்கும், உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற வியாதி அதுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் தூத்துக்குடி ஆள் தவிர எல்லாரும் ஆபீசுக்கு என்று வைப்பேன், ஃபீல்டு ஆட்கள் உள்பட, மதியம் வரையாவது. அன்று டைப் அடிக்கிற வேலை வேண்டாம். போன வாரம் எங்கெங்கே தடுக்கியது என்று ஜாப் ஜாபாகப் பேசிவிட்டு, எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஆபீசுக்கு வரவைத்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூத்துக்குடியோடு வீடியோ மீட்டிங் போடவைப்பதைப் போல எரிச்சல் வேறில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர் வரிசைக்குள் பைக்கில் புகுந்து வருகிறவனுக்கு அந்தப் பயணத்துக்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டும்.

நெட்வொர்க் என்றால் ஒயரும் டவரும் கூடத்தான். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் கரண்ட் போய் நாள் கணக்காக வரவில்லை, போனில் சிக்னல் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும் அந்த வாரம்தான். என் டீமில் யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிய இரண்டு நாள் ஆனது. எல்லா நம்பரும் போனுக்குள் இருந்தது, போன் செத்துக் கிடந்தது. அதிலிருந்து ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: டீமில் எல்லாருடைய நம்பர், வீட்டில் இன்னொருவர் நம்பர், யார் வரவில்லை என்றால் யார் யாருடைய ஜாபை எடுக்க வேண்டும் என்ற வரிசை. உங்கள் தூத்துக்குடி ஆள் இங்கேதான் பெரிய சொத்து. இங்கே மூழ்கும்போது பெரும்பாலும் அங்கே வெயில் அடிக்கும். ரௌட்டருக்கு ஒரு குட்டி யு.பி.எஸ்.சும், வேறு கம்பெனி சிம் ஒன்றும் ஆபீஸ் செலவில் கொடுங்கள். சாஃப்ட்வேர் காசில் மிச்சம் பிடித்ததில் இது வந்துவிடும்.

இதில் எதில் எனக்கு உறுதி, எதில் இல்லை என்று பிரித்துச் சொல்கிறேன். குறுக்கே போகிற பேச்சுதான் முதலில் வற்றும் என்பதில் சந்தேகம் இல்லை, ஆராய்ச்சியும் என் அனுபவமும் ஒரே பக்கம் நிற்கின்றன. எழுதுகிற முறையை மாற்றினால் தவறு குறையும் என்பதும் உறுதி. ஜோடி கட்டுவது எனக்கு மூன்று இடத்தில் வேலை செய்தது, ஒரு இடத்தில் இரண்டு பேருக்கும் ஆகாமல் போய்ப் படுத்துவிட்டது. ஆளைப் பார்த்துக் கட்டுங்கள். வாரம் ஒரு நாளா இரண்டு நாளா என்பது என் ஊகம்தான், ஆராய்ச்சி பேசுகிற மூன்று நாளும் பெரிய நிறுவனத்துக்கானது. மைக்ரோசாஃப்ட் கணக்கும் நோய்க் காலத்து ஆறு மாதம், ஒரே கம்பெனி. 11 பேர் ஆபீசுக்கு அதைத் திசை காட்ட வைத்துக்கொள்ளலாம், அளவு எடுக்க வேண்டாம்.

கடைசியாக, அந்தத் தண்டையார்பேட்டைப் பெண். அவரை ஆபீசுக்கு வரச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள், அவரிடம் கேட்டீர்களா என்று தெரியவில்லை. சிட்ரிப்பின் இரண்டாவது சோதனையில் வேலையை விடுவது நன்றாகக் குறைந்தது பெண்களிடமும், தூரத்திலிருந்து வருகிறவர்களிடமும்தான். அதனால் கட்டாயப்படுத்தினால் இழப்பு உங்களுக்கு. ஆனால் "வீட்டில் இருக்கிறார், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று எல்லாரும் இரக்கப்பட்டு அவரை விட்டுவிடுவதும் நடக்கும். சுலபமான வேலை மட்டும் அவருக்குப் போகும், மூன்று வருஷத்தில் அவருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. சிக்கலான பார்ட்டி ஒன்றை அவர் பெயரில் கொடுங்கள், நல்ல ஃபீல்டு ஆள் ஒருவரோடு ஜோடி கட்டுங்கள். கஸ்டம்ஸ் நடத்துகிற தகுதிப் பரீட்சையான ஜி கார்டு பரீட்சைக்குப் படிக்க அவருக்கு ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் எது அவருக்கு வசதி, குழந்தையை அன்று யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் அவரே சொல்லட்டும். அவர் சொல்கிற நாளையே எல்லாரும் வருகிற நாளாக வைத்துவிடுங்கள், மற்றவர்களுக்கு எந்தக் கிழமையாக இருந்தாலும் ஒன்றுதான்.